தோல்விக்கும் மறுமுயற்சிக்கும் இடையே

இணையவழி விளையாட்டுகளைப் பற்றிய சட்டமொன்றைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டு மாதத்தில் தில்லியில் நிறைவேற்றியது. அம்மாதம் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை அச்சட்டம் தடுக்கிறது. போட்டி விளையாட்டாக நடத்தப்படுபவற்றையும், பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் உதவுபவற்றையும் வேறாகப் பிரித்து வைக்கிறது. இப்பிரிவினை வேண்டியதே. வீடுகளிலும் பள்ளிகளிலும் இவ்விஷயம் பேசப்படும்பொழுது, சூதாட்டமும், துப்பாக்கிச் சண்டையும், பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருப்பதும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்ந்துவிடுகின்றன. அதனால் கவனிக்கத்தக்க ஒன்று பார்வையினின்று மறைந்து போகிறது. இவ்வாட்டங்களுள் ஒரு வகையில், எவரும் கற்பிக்காமலே இளைஞர்கள் பரிசோதனை முறையைக் கைக்கொள்கிறார்கள். அதுவும், பள்ளிக்கூடத்து ஆய்வுச்சாலையில் பல சமயம் காணக் கிடைக்காத நேர்மையுடன் கைக்கொள்கிறார்கள்.

அவ்வகைக்கு ஆட்டக்காரர்கள் 'ரெய்டு' என்று பெயர் சொல்வர். படையெடுப்பு என்பது பொருள். பலர் ஒரே நேரத்தில் ஒன்றுகூடி, 'பாஸ்' எனப்படும் பெரும் பகையொன்றை எதிர்க்க வேண்டும். அப்பகையை மற்றொரு மனிதர் இயக்குவதில்லை. ஆட்டத்தை அமைத்தவர்கள் எழுதி வைத்த விதிகளே இயக்குகின்றன. அவ்விதிகள் மாறுவதில்லை, ஆனால் முழுதும் வெளிப்படையாகவும் சொல்லப்படுவதில்லை. எந்தக் கணத்தில் தீ எழும், எந்த இடத்தில் நின்றால் தப்பலாம், எவர் தாக்க, எவர் காக்க, எவர் காயத்தை ஆற்ற வேண்டும் என்பவற்றையெல்லாம் வீழ்ந்து எழுந்துதான் அறிய வேண்டியிருக்கிறது. மாறாத, ஆயினும் மறைந்திருக்கும் விதியைத் தேடுவது இயற்கையை ஆராய்பவரின் வேலையுமாகும். இந்த ஒற்றுமையை மிகைப்படுத்தலாகாது. பாஸின் விதியை எழுதியவர் ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார், இயற்கையின் விதிக்கு அத்தகைய முகவரி கிடையாது.

எளிய வகையிலிருந்து தொடங்குவது நலம். 'போக்கிமோன் கோ' என்ற ஆட்டம் 2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. 2017இல் அதில் ரெய்டு சேர்க்கப்பட்டது. கைப்பேசியுடன் வெளியே நடந்து ஆடுவதற்கென்று அமைக்கப்பட்ட ஆட்டம் இது. ஊரிலுள்ள பொது இடங்களும் நினைவுச் சின்னங்களும் அதில் களங்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். தில்லியில் அத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. மியூட்டூ என்ற பாஸுக்கு உயிர்ப்புள்ளிகள் 15,000. அதை வெல்ல அளிக்கப்படும் அவகாசம் 300 வினாடி. ஆகவே வினாடிக்கு 50 புள்ளி வீதம் குறைத்தாக வேண்டும். ஒருவர் சராசரியாக வினாடிக்கு 12 புள்ளி குறைக்க வல்லவர் என்று வைத்துக்கொண்டால், நால்வர் சேர்ந்தாலும் 48தான். அவகாசம் முடிகையில் பாஸிடம் 600 புள்ளிகள் மிஞ்சி நிற்கும். ஐந்தாமவர் ஒருவர் வந்தால் 250 வினாடியில் வேலை முடிந்துவிடும். இவ்வாட்டம் அந்தந்த ஊரின் வானிலையையும் கணக்கில் கொள்கிறது. மூடுபனி என்று ஆட்டம் காட்டும் நாளில் இருள் வகை, ஆவி வகைத் தாக்குதல்களின் வலிமை ஐந்தில் ஒரு பங்கு கூடும். மியூட்டூவை நன்கு தாக்கக்கூடிய வகைகளுள் இவையும் அடங்கும். அத்தாக்குதல்களையே அனைவரும் பயன்படுத்தினால் 12 என்பது 14.4 ஆகும், நால்வருக்கு 57.6. ஏறத்தாழ 260 வினாடியில், ஐந்தாமவர் இன்றியே, வெற்றி கிட்டும். தில்லியின் ஜனவரி மூடுபனியைக் கணக்குப் பாடத்திற்குப் பயன்படுத்த ஆசிரியருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமைவது அரிது. அக்காலத்துத் தில்லிக் காற்றில் பிள்ளைகளை வெளியே அனுப்பலாமா என்பது வேறு கேள்வி.

ஆனால் இங்கே கணக்குப் போட்டால் போதும், கற்றுக்கொள்ள அதிகமில்லை. கடினமான வகையைக் காண வேண்டுமாயின் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆட்டத்திற்குச் செல்ல வேண்டும். அது 2004 நவம்பரில் வெளியாயிற்று. தொடக்க காலத்தில் அதன் பெரிய ரெய்டுகளில் 40 பேர் சேர்ந்து போரிட்டனர். இப்பொழுது மிகக் கடினமான நிலைக்கு 20 பேர். 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட ஒரு கோயிலின் உள்ளே கதூன் என்ற பாஸ் இருந்தது. அது ஒரு பெரிய கண். அக்கண்ணிலிருந்து புறப்படும் பச்சை ஒளிக்கற்றை ஒருவரைத் தாக்கும். அவருக்கு அருகில் மற்றொருவர் நின்றால் அவரிடம் தாவும். தாவுந்தோறும் அதன் வலிமை பெருகும். நாற்பது பேர் கூட்டமாக அறைக்குள் நுழைந்தால் சில வினாடிகளில் நாற்பது பேரும் வீழ்ந்து கிடப்பர். முதன்முதல் நுழைந்த குழுக்கள் இதைத்தான் கண்டன.

இந்நிலையில் ஒரு குழு என்ன செய்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. அனைவரும் வீழ்ந்தவுடன் உரையாடல் தொடங்குகிறது. முதலில் வீழ்ந்தவர் யார்? அவருக்கும் அடுத்தவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது? ஒளிக்கற்றை தாவும் தூரம் எவ்வளவு? ஒருவர் ஊகம் கூறுகிறார். மற்றொருவர் முந்திய முயற்சியை நினைவூட்டி அதை மறுக்கிறார். அடுத்த முயற்சியில் அனைத்தையும் மாற்றுவதில்லை. நிற்கும் இடங்களை மட்டும் மாற்றுகின்றனர். வட்டமாகப் பரவி, ஒருவரையொருவர் நெருங்காமல் நிற்கின்றனர். பச்சை ஒளி ஒருவரோடு நின்றுவிடுகிறது. ஆகவே ஊகம் சரி. உடனே அடுத்த இடர் தெரியவருகிறது: சிவப்பு ஒளி அறையைச் சுற்றி மெல்லத் துடைத்துக்கொண்டு வருகிறது. மீண்டும் வீழ்ச்சி, மீண்டும் உரையாடல். கண்ணை வென்ற பின்னரும், உடல் என்ற இரண்டாம் பகுதி காத்திருந்தது. அது ஆட்களை விழுங்கும். விழுங்கப்பட்டவர்கள் அதன் வயிற்றினுள்ளிருக்கும் இரு தசைக்கொடிகளை அழித்தாலன்றி வெளியிலிருப்பவர்களின் தாக்குதல் அதைச் சாராது.

இக்கதையில் ஒரு விசித்திரம் உண்டு. கதூனின் இரண்டாம் பகுதி, அது முதலில் அமைக்கப்பட்டிருந்த வகையில், வெல்ல இயலாததாக இருந்தது. பல வாரங்கள் முயன்ற குழுக்கள் தங்கள் குறிப்புகளை வைத்துக் கணக்கிட்டு, குறை தங்களுடையதன்று, பாஸின் அமைப்பிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தன. அமைத்தவர்கள் அதைத் திருத்தினர். 2006 ஏப்ரலில் அது முதன்முதல் வீழ்த்தப்பட்டது. வினாத்தாளே தவறு என்று சொல்ல மாணவனுக்குத் துணிவு வேண்டும். துணிவோடு கணக்கும் இருந்தால்தான் அச்சொல் எடுபடும். இக்குழுக்களிடம் கணக்கு இருந்தது.

இத்தகைய உரையாடல்களை ஆராய்ச்சியாளர்கள் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலரும் ஷான் டங்கனும், இவ்வாட்டத்தைப் பற்றி ஆட்டக்காரர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட 1,984 குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 86 சதவீதம் வெறும் அரட்டையன்று. பலர் சேர்ந்து அறிவை உருவாக்கும் முயற்சி என்று அவர்கள் வகுத்தனர். ஒருவர் கூற்றை மற்றவர் சான்று கேட்டு மறுப்பதும், எண்களைக் கொண்டு மாதிரி அமைத்துச் சரிபார்ப்பதும் அக்குறிப்புகளில் இருந்தன. அவற்றை எழுதியவர்களுக்கு மதிப்பெண் கொடுப்பார் எவருமில்லை.

தில்லியிலிருந்து இவ்வாட்டத்தை ஆடுவோருக்குக் கூடுதலாக ஒரு பாடம் உண்டு. ஆட்டத்தை நடத்தும் சர்வர் இந்தியாவில் இல்லை. ஐரோப்பாவிலுள்ள சர்வரோடு இணைந்து ஆடுவதாகவும், பிராங்பர்ட் வரை என்று தூரத்தைக் கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். தில்லியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 6,100 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். போய்த் திரும்ப 12,200 கிலோமீட்டருக்கு 0.061 வினாடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் செல்வதில்லை, கடலோரங்களைச் சுற்றிச் செல்கிறது. இடையே நிலையங்களும் உண்டு. ஆகவே உண்மைத் தாமதம் இதனினும் மிகும். திரையில் தீ தோன்றும்பொழுது, அத்தீ ஏற்கெனவே எரியத் தொடங்கியிருக்கிறது. கண்டபின் நகர்வது என்ற வழக்கம் இங்கே உதவாது; கணக்கிட்டு முன்னதாக நகர வேண்டும். எந்தக் கருவியும் காட்டுவது சற்றே பழைய செய்தி என்ற உண்மையைப் பதினைந்து வயதுச் சிறுவன் இவ்விதம் பல தடவை வீழ்ந்து அறிகிறான்.

எத்தனை தடவை? 2019இல் ஊநாத் என்ற பாஸை அதன் மிகக் கடினமான நிலையில் உலகில் முதன்முதல் வீழ்த்திய குழு, எழுநூறுக்கு மேற்பட்ட தடவை வீழ்ந்த பின்னரே வென்றது. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினும், ஒவ்வொரு முயற்சியும் சில நிமிடங்களே. தோல்வியின் விலை அற்பம். இச்சிறப்பு இல்லாதபோது கதை வேறாகிறது. 'ஃபைனல் ஃபேன்டசி 11' என்ற மற்றோர் ஆட்டத்தில் 2008ஆம் ஆண்டு ஒரு குழு, ஒரே பாஸை 18 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது எதிர்த்தது. சிலர் உடல்நலம் கெட்டனர். வெற்றியின்றிப் போர் கைவிடப்பட்டது. அமைத்தவர்கள் பின்னர் அதன் வலிமையைக் குறைத்து, இரண்டு மணி நேர வரம்பும் விதித்தனர். அப்பதினெட்டு மணி நேரத்தை விடாமுயற்சி என்று புகழ்வது தவறு. நின்று யோசிக்க இடைவெளி இல்லாத இடத்தில் உழைப்பு உண்டு, கற்றல் குறைவு.

ஆட்டம் நோயாகவும் கூடும். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது; தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இத்தகைய பழக்க அடிமைத்தனங்களுக்கென 2016இல் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. தூக்கமும் பாடமும் கெடும் அளவுக்கு ஒரு மாணவன் ஆடுவானாயின், அவன் பரிசோதனை முறையைக் கற்கிறான் என்று ஆசிரியர் சமாதானம் கொள்ளலாகாது. மற்றொரு குறையும் சொல்ல வேண்டும். முதலில் வெல்லும் சில குழுக்கள் கண்டறிந்தவற்றைப் பின்வருவோர் வழிகாட்டிக் குறிப்பாகப் பெற்று, சொன்னபடி நின்று, சொன்னபடி நகர்ந்து வெல்கின்றனர். அவர்கள் கற்பது கீழ்ப்படிதல். ரெய்டு ஆடும் எல்லோரும் விஞ்ஞானிகள் என்று எண்ணுவது, ஆய்வுச்சாலைக்குள் நுழையும் எல்லோரும் விஞ்ஞானிகள் என்று எண்ணுவதைப் போன்றதே.

இவ்வளவையும் கழித்த பின்னர் எஞ்சுவது எது? பதிவேடு. இவ்வாட்டம் ஒவ்வொரு முயற்சியிலும் யார் எப்பொழுது என்ன செய்தார், எதனால் வீழ்ந்தார் என்பதை வரிவரியாகக் குறித்து வைக்க வல்லது. குழு அதைப் படிக்கிறது. தான் தீயில் நின்றதில்லை என்று ஒருவர் சாதித்தால் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும். இது சில வேளை கசப்பையும் வளர்க்கிறது. ரக்னரோஸ் என்ற பாஸை நாற்பது பேர் கற்றுக்கொண்டதை உடனிருந்து ஆராய்ந்த மார்க் சென், 2012இல் வெளியான தம் நூலில், அக்குழு கருவிகளையும் கணக்குகளையும் ஏற்றுத் தேர்ச்சியடைந்ததையும், பின்னர் நோக்கங்கள் வேறுபட்டுக் கலைந்ததையும் எழுதியிருக்கிறார். எனினும் ஒன்று மறுக்கவியலாதது: அப்பதிவேட்டைத் திருத்தி எழுத எவருக்கும் ஆசை எழுவதில்லை. திருத்தினால் யாருக்கு நஷ்டம்? அடுத்த முயற்சியில் அவர்களே வீழ்வர்.

இனிப் பள்ளியின் ஆய்வுச்சாலையைப் பார்க்கலாம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் பரிசோதனை எல்லா ஆசிரியர்களுக்கும் பழக்கமானது. விடை 9.8 என்பது மாணவனுக்கு முன்னரே தெரியும். அளவு 9.3 என்று வந்தால், நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளந்தானா, அலைவுகளை எண்ணியதில் ஒன்று தவறியதா, வீச்சு அதிகமாயிற்றா என்று தேடுவது பரிசோதனை. ஆனால் மணி அடித்துவிடும். ரிக்கார்டு நோட்டு நாளை கையெழுத்துக்குப் போக வேண்டும். ஆகவே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகள் எழுதப்படுகின்றன. இதற்காக மாணவனை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. அந்த நோட்டு அவனுடைய அடுத்த முயற்சிக்குப் பயன்படப் போவதில்லை. அடுத்த முயற்சி என்பதே அவனுக்குக் கிடையாது. பிறருக்குக் காட்டுவதற்காக எழுதப்படும் பதிவேடு, காட்டத் தகுந்ததாகவே எழுதப்படும்.

கள ஊழியர்களின் நிலை இதிலிருந்து வேறல்ல. அவர்களுடைய முயற்சி ஒவ்வொன்றுக்கும் விலை மிக அதிகம் என்பதே வேற்றுமை. தில்லியின் பூசா வளாகத்திலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1963இல் மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதைகள் வந்தன. சில ஆண்டுகளில் தில்லியைச் சேர்ந்த ஜவுந்தி என்ற கிராமம் அவ்விதையைப் பெருக்கும் கிராமமாயிற்று. அக்கோதுமை பழைய கோதுமையைப் போல நடந்துகொள்ளவில்லை. அதன் முளையுறை குட்டையானது. வழக்கம்போல் ஆழமாக விதைத்தால் முளை மண்ணுக்கு மேல் வாராது. ஐந்து சென்டிமீட்டர் அளவே ஆழம் தேவை. முதல் நீர்ப்பாய்ச்சலை, முடிவேர் தோன்றும் சமயமாகிய ஏறத்தாழ 21ஆம் நாளில் தவறாது அளிக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தில் ஓர் இரவில் முப்பது தடவை வீழ்ந்து அறியக்கூடியதை, வயலில் ஒரு பருவத்துக்கு ஒரு தடவையே அறிய முடியும். வீழ்ந்தால் குடும்பத்தின் ஓராண்டு உணவு போயிற்று. முயற்சி எவ்வளவு அருமையானதோ அவ்வளவுக்கு அதன் பதிவு உண்மையாக இருக்க வேண்டும். நடைமுறையிலோ, செயல்விளக்க வயல்களின் அறிக்கைகள் மேலிடத்துக்கு அனுப்புவதற்காகவே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. விளைந்த வயல் அறிக்கையில் இடம்பெறும். முளைக்காத மூலை இடம்பெறாது. அடுத்த கிராமத்துக்குச் செல்லும் ஊழியருக்கு வேண்டியது அந்த மூலையைப் பற்றிய இரண்டு வரிதான்: எவ்வளவு ஆழம், எந்த நாளில் நீர்.

இவ்விஷயத்தை இப்பொழுது பேசுவதற்குக் காரணம் உண்டு. தில்லியிலுள்ள மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு பொதுத்தேர்வுகள் என்று 2025 ஜூனில் அறிவித்தது. முதல் தேர்வு அனைவருக்கும் உரியது. இரண்டாவது விரும்புவோருக்கு மட்டும், மூன்று பாடங்கள் வரை. இரண்டில் எது நல்லதோ அம்மதிப்பெண் நிலைக்கும். ஒரே நாளின் காய்ச்சலோ கலக்கமோ ஒரு மாணவனின் ஓராண்டைத் தீர்மானிக்கலாகாது என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் முயற்சியின் எண்ணிக்கையை இரண்டாக்கினால் கற்றல் இரண்டு மடங்காகும் என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை. முதல் தேர்வுக்கும் இரண்டாம் தேர்வுக்கும் இடையே மாணவன் கையில் இருப்பது கணக்கில் 54 என்ற ஓர் எண் மட்டுமாயின், எந்த இடத்தில் வீழ்ந்தான் என்பதை அவன் அறிய மாட்டான். அறியாதவன் எல்லாப் பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து படிப்பான். அப்படி ஆடும் குழு, பாஸின் முதல் ஒளிக்கற்றையிலேயே எழுநூறு தடவையும் வீழும்.

விடைத்தாளின் நகலைக் கட்டணம் செலுத்திப் பெறும் முறை வாரியத்தில் ஏற்கெனவே உண்டு. அது இரண்டாம் தேர்வுக்கு முன்னரே, கட்டணமின்றி, கேட்காமலே கைக்கு வந்து சேருமானால் மறுதேர்வு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகும். அதுவரையில் ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்புத் தேர்வொன்றில் மாணவர்களை நால்வர் நால்வராக அமர்த்தி, ஒவ்வொருவரும் மதிப்பெண் இழந்த முதல் இடத்தை மற்ற மூவர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கச் செய்யலாம்: சூத்திரம் தெரியவில்லையா, தெரிந்தும் குறியில் பிழையா, வினாவையே தவறாகப் படித்ததா, நேரம் போதவில்லையா. நான்கிற்கும் மருந்து வேறு. ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே வாரத்தில் அதே அளவுள்ள மற்றொரு தாளை எழுதட்டும். கண்டுபிடித்ததை ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொண்டால் போதும். அத்தாளுக்கு மதிப்பெண் இல்லை, கையெழுத்தும் வேண்டாம். அது தலைமையாசிரியரின் அலமாரிக்குப் போக வேண்டியதில்லை. மாணவனின் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கலாம்.